பழைய கார் செட்டைப் புது வண்டிக்கு மாற்றுவதா? எதைக் கழற்றலாம், எதை அதிலேயே விடலாம்

வண்டியை மாற்றப்போகிறவர்கள் கேட்கும் கேள்வி இது: "செட்டுக்கே அப்போ முப்பதாயிரம் ஆச்சு. காரோட சேர்த்துக் கொடுத்தா அதுக்குன்னு பத்துப் பைசா ஏத்திக் கொடுக்க மாட்டேங்கிறான். கழட்டிப் புது வண்டியில மாட்டிடலாமா?" ஓசூர் பக்கம் அக்சஸரீஸ் கடையில் கேட்டால் "புதுசே போட்டுக்கங்க சார்" என்பார்கள், அது அவர்கள் வியாபாரம். மச்சானைக் கேட்டால் "ஒரு மணி நேர வேலை, கழட்டி மாட்டிடலாம்" என்பார். இரண்டுமே பாதி உண்மைதான்.

செட் என்பதை ஒரே பொருளாக நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. அதில் இருப்பவை ஐந்து: டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோ, கதவு ஸ்பீக்கர்கள், ஒலியைப் பெருக்கும் ஆம்ப், பேஸ் எனும் அடித்தொனியைத் தரும் ஊஃபர் (பெட்டியோடு), இவற்றை இணைக்கும் வயர். ஸ்டீரியோ அந்தக் காருக்கென்றே வெட்டித் தைத்த சட்டை மாதிரி. ஆம்பும் ஊஃபரும் எந்த 12 வோல்ட் வண்டிக்கும் போகும். வயர் எங்கேயும் போகாது. முடிவை ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும்.

## எதை வைத்து முடிவு செய்வது

பொருத்தம். டின் என்பது ஸ்டீரியோ அளவுக்கான தரம். ஒற்றை டின் ஸ்டீரியோவின் முகம் 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம், இரட்டை டின் 180-க்கு 100. இவை உலகம் முழுக்க ஒரே அளவு. 9 இஞ்ச் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ அப்படி இல்லை. அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் ஃபிரேம் மாடலுக்கு மாடல் மாறும், மாருதியிலேயே ஒன்றின் ஃபிரேம் இன்னொன்றுக்கு உட்காராது. ஸ்பீக்கரில் விட்டத்தோடு ஆழத்தையும் பார்க்க வேண்டும். 6.5 இஞ்ச் ஓட்டைக்கு 6.5 இஞ்ச் ஸ்பீக்கர் கச்சிதமாக உட்கார்ந்தாலும், காந்தம் தடிமனாக இருந்தால் கண்ணாடி இறங்கும்போது அதில் இடிக்கும்.

பொருளின் தற்போதைய நிலை. இதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை கீழே இருக்கிறது.

மொத்தச் செலவு. கழற்றக் கூலி, மாட்டக் கூலி, காரின் வயரையும் ஸ்டீரியோ வயரையும் இணைக்கும் புது கப்ளர், ஃபிரேம், வயரிங் கிட், பழைய காரின் ஓட்டையை அடைக்கும் செலவு என எல்லாம் கணக்கில் வர வேண்டும். பெரும்பாலானவர்கள் மாட்டும் கூலியை மட்டும் கேட்டுவிட்டு வருகிறார்கள்.

வாரண்டியும் இன்ஷூரன்ஸும். புது வண்டியின் கம்பெனி வயரை வெட்டினால், அதன் பிறகு வரும் மின்சாரக் கோளாறுக்கு வாரண்டி கேட்பது கஷ்டம். கப்ளர் போட்டு, ஒரு வயரையும் வெட்டாமல் மாட்டுவதே வழி. வெளியில் வாங்கிய செட் பாலிசியில் தனியாகக் குறிப்பிடப்படாவிட்டால், திருட்டுப் போனால் அதற்கு இழப்பீடு வராது. மின் உபகரணங்களைச் சேர்க்க அவற்றின் மதிப்பில் ஆண்டுக்கு 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் என்பது பழகிப்போன கணக்கு. 25,000 ரூபாய் செட்டுக்கு 1,000 ரூபாய், வரி தனி. பில் தொலைந்துபோன பழைய செட்டின் மதிப்பை நிரூபிப்பது சிரமம்.

டிக்கி. மாங்காய் சீசனில் கூடை ஏற்றுகிறவருக்கும், வார நாளில் ஆபீஸ் மட்டும் போய்வருகிறவருக்கும் இதில் ஒரே பதில் இருக்காது.

| | முழு செட்டையும் மாற்றுவது | ஆம்ப், ஊஃபர் மட்டும் | விட்டுவிட்டுப் புதிது | லோடு வண்டிக்கு |
|---|---|---|---|---|
| வேலை நேரம் | கழற்ற 2–3 மணி, மாட்ட ஒரு நாள் | கழற்ற 1 மணி, மாட்ட 3–4 மணி | 2–4 மணி | 1–2 மணி |
| புதிதாக வாங்குவது | கப்ளர், ஃபிரேம், ஸ்பீக்கர் ரிங், வயரிங் கிட் | வயரிங் கிட், தேவையானால் சிக்னல் கன்வர்ட்டர் | எல்லாமே | ஃபியூஸ், சின்ன ஸ்பீக்கர் பெட்டி |
| மறைவுச் செலவு | பழைய காருக்குத் திரும்பப் போடும் செட், ஸ்டீயரிங் பட்டன் டீகோடர் | டிக்கி இடம் | பழைய செட்டில் போட்ட பணம் | 24 வோல்ட் என்றால் கன்வர்ட்டர் |
| யாருக்கு | ஸ்டீரியோ இல்லாத அடி வேரியன்ட் (விலை குறைந்த வகை) எடுத்தவர் | கம்பெனித் திரையோடு வண்டி எடுத்தவர் | செட் பழசாகிப்போனவர் | வீட்டில் இன்னொரு வண்டி உள்ளவர் |

## முழு செட்டையும் கழற்றி மாட்டுவது

இது லாபமாக அமைவது ஒரே சூழலில்தான். எடுத்திருக்கும் வண்டியில் கம்பெனி ஸ்டீரியோவே இருக்கக் கூடாது. செட்டும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். அடி வேரியன்ட் எடுத்தவர்களும், பழைய பொலேரோ போன்ற ஒற்றை டின் வண்டி வாங்கியவர்களும் தயங்காமல் மாற்றலாம். ஒன்றை மட்டும் முன்கூட்டிப் பாருங்கள். அடி வேரியன்ட்களில் சிலவற்றில் ஸ்பீக்கர் வயர் கதவுவரை வந்திருக்கும், சிலவற்றில் வந்திருக்காது. டோர் டிரிம்மைத் திறந்து பார்க்காமல் கூலி பேசாதீர்கள். கதவுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாய் வழியே புது வயர் இழுப்பது தனி வேலை, ஒரு கதவுக்கே அரை மணி நேரம் போகும்.

வயர் நிறங்கள் வெளியில் விற்கும் ஏறக்குறைய எல்லா ஸ்டீரியோவிலும் ஒன்றுதான். மஞ்சள் எப்போதும் 12 வோல்ட். சிவப்பு சாவி திருப்பினால் வருவது. கறுப்பு எர்த். நீலம் ஆன்டெனாவுக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு ஆம்பை எழுப்புவதற்கு. வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. ஒவ்வொன்றிலும் கறுப்புக் கோடு போட்ட வயர் மைனஸ். காரின் கம்பெனி வயருக்கு இந்த நிறங்கள் பொருந்தாது. அதனால்தான் கப்ளர். மாருதியின் பல மாடல்களுக்கு 20 பின் கப்ளர் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதை மிச்சப்படுத்த வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றுவதைவிட மோசமான சிக்கனம் கார் வேலையில் கிடையாது. நம் ஊர் வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் அந்த டேப்பின் பசை இளகிவிடும், முறுக்கு பிரிந்துவிடும்.

மாட்டியபின் வரும் கோளாறுகளில் பாதி மஞ்சள், சிவப்பு தகராறுதான். வண்டியை அணைத்ததும் கடிகாரமும் செட்டிங்கும் அழிந்துபோனால் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. இரவு நிறுத்திய வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் சிவப்பையும் நிரந்தர 12 வோல்ட்டில் சேர்த்திருப்பார்கள். சந்தேகம் இருந்தால் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி மைனஸில் மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் தொடராக வைத்து அரை மணி நேரம் விடுங்கள். வண்டி முழுதாகத் தூங்கியபின் 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே காட்ட வேண்டும். மீட்டர் இருக்கும்போது இக்னிஷன் போட்டால் மீட்டர் ஃபியூஸ் போய்விடும்.

புது வண்டியில் கம்பெனித் திரை ஏற்கெனவே இருந்தால் கதை வேறு. அந்தத் திரையில் பாட்டு மட்டுமா இருக்கிறது? பின் கேமரா, பார்க்கிங் சென்சார் படம், கதவு லாக் செட்டிங், சில வண்டிகளில் ஏசி விவரம் எல்லாம் அதற்குள்தான். பின் பார்க்கிங் சென்சார் 2019 ஜூலையிலிருந்து புதுக் கார்களில் கட்டாயம். அதன் காட்சி திரையில் வருகிற வண்டியில் திரையைப் பிடுங்கினால் அதுவும் போகும். ஸ்டீயரிங் பட்டன்கள் பழைய முறையில் மின்தடை வைத்து வேலை செய்தால் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவுக்குக் கற்றுக்கொடுத்துவிடலாம். காரின் பாகங்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறும் கேன் பஸ் வழியாகப் போகிறதென்றால் அந்த மாடலுக்கான டீகோடர் பெட்டி வேண்டும். சில வண்டிகளில் சாவி சிக்னலுக்கே தனி வயர் இருக்காது, அதுவும் கேன் பஸ்ஸில்தான் வரும். இத்தனையும் கூட்டினால், ஐந்தாறு வருடப் பழைய, திரையைத் தொட்டால் ஒரு விநாடி யோசித்துப் பதில் சொல்லும் ஸ்டீரியோவுக்காகப் புதுத் திரையைக் கழற்றுவது வீண்வேலை.

கதவு ஸ்பீக்கர்களை மாற்றுவதில் இரண்டு எச்சரிக்கை. உயரம் கூட்ட மரத்தூள் பலகையில் வெட்டிய ரிங் போடாதீர்கள். கதவுக்குள் மழைத் தண்ணீர் ஓடும், பலகை ஊதிவிடும். பிளாஸ்டிக் ரிங் போதும். டிரிம்முக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பாலிதீன் ஷீட்டைக் கிழிக்காமல் பிரித்து, அதே கறுப்புப் பசையால் திரும்ப ஒட்டச் சொல்லுங்கள். கிழித்தால் அடுத்த மழையில் கால் மிதியடி நனைந்திருக்கும், காரணம் தெரியாமல் கூரையில் ஓட்டை தேடிக்கொண்டிருப்பீர்கள்.

## ஆம்பும் ஊஃபரும் மட்டும் போவது

வண்டி மாற்றுகிற பெரும்பாலானவர்களுக்கு இதுதான் சரியான வழி. ஆம்ப் பத்து வருடமும் உழைக்கும். ஊஃபரின் விளிம்பு ரப்பராக இருந்தால் அதுவும் தாங்கும், நுரையாக இருந்தால் வெயிலில் பொடிந்திருக்கும். கம்பெனி ஸ்டீரியோவில் குறைவது பேஸ்தான், அதை இவை இரண்டும் ஈடுகட்டுகின்றன.

கம்பெனி ஸ்டீரியோவில் ஆம்புக்குச் சிக்னல் கொடுக்கும் ஆர்சிஏ பின் பொதுவாக இருக்காது. ஆம்பிலேயே ஸ்பீக்கர் வயரை நேராக வாங்கும் உள்ளீடு இருந்தால் பின்பக்க ஸ்பீக்கர் வயரிலிருந்து கிளை எடுத்தால் போதும். இல்லாவிட்டால் ஸ்பீக்கர் சிக்னலை ஆர்சிஏ சிக்னலாக மாற்றும் ஒரு சின்ன கன்வர்ட்டர் வேண்டும். இங்கே அடிக்கடி நடக்கும் தப்பு, ஸ்பீக்கர் மைனஸை எர்த் என்று நினைத்து பாடியில் சேர்ப்பது. இன்றைய ஸ்டீரியோக்களில் பிளஸ், மைனஸ் இரண்டிலும் சிக்னல் ஓடுகிறது. எர்த்தில் சேர்த்தால் ஸ்டீரியோவின் ஐசி புகைந்துவிடும்.

ஆனால் பழைய வயரைக் கூடவே இழுத்து வராதீர்கள். டிக்கிவரை கம்பளத்துக்கு அடியில் பல வருடம் மிதிபட்ட வயர், புது வண்டியின் நீளத்துக்குப் போதாது, ஒட்டுப் போட வேண்டிவரும். கணக்கு இப்படி: ஆம்பின் ஆர்எம்எஸ் வாட் (தொடர்ந்து தரும் சக்தி) 400, டி வகை ஆம்ப் என்றால் 80 சதவீதத் திறன், அதாவது பேட்டரியிலிருந்து 500 வாட். 13.8 வோல்ட்டில் வகுத்தால் 36 ஆம்பியர். பழைய ஏபி வகை என்றால் 60 சதவீதம்தான், 48 ஆம்பியரைத் தொடும். முதலாவதுக்கு நல்ல செம்பில் 8 கேஜ் ஒப்பேற்றும், இரண்டாவதுக்கு 4 கேஜ் (எண் குறையக் குறைய வயர் தடிமன்). கடையில் மலிவாகக் கிடைக்கும் கிட்டில் இருப்பது அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. ஓர் இழையைப் பிளேடால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான். அதை வாங்கியே ஆக வேண்டுமென்றால் ஒரு அளவு தடிமனாக வாங்குங்கள்.

பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். இது ஆம்பைக் காக்க வைப்பது அல்ல, வயரைக் காக்க. ஆம்பின் பக்கத்தில் எத்தனை ஃபியூஸ் இருந்தாலும், நடுவழியில் வயர் உரசிப் பாடியில் பட்டால் தீயை நிறுத்துவது பேட்டரி பக்க ஃபியூஸ் மட்டும்தான். இன்ஜின் அறையிலிருந்து உள்ளே வரும் ஓட்டையில் ரப்பர் வளையம் கட்டாயம்.

எர்த்துக்கு டிக்கியில் பெயின்ட்டைத் தேய்த்து, வெறும் இரும்பு தெரிந்தபின், பல் வாஷர் வைத்து முறுக்குங்கள். வயர் 45 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. சீட் பெல்ட் போல்ட்டில் மாட்டாதீர்கள். சிக்னலில் நின்றால் தானே அணைந்து எழும் வகை வண்டிகளில் பேட்டரி மைனஸில் ஒரு சென்சார் இருக்கும். எர்த்தை நேராக மைனஸ் முனையில் மாட்டினால் அது பேட்டரியின் கணக்கைத் தப்பாக எடுக்கும். பாடியில்தான் மாட்ட வேண்டும். ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் "ஙீ..." என்று சத்தம் ஏறினால் முதலில் இந்த எர்த்தைப் பாருங்கள், பிறகு ஆர்சிஏ வயர் பவர் வயரோடு ஒரே பக்கமாக வருகிறதா என்று பாருங்கள். ஒன்று இடது, மற்றது வலது என்று இழுத்திருக்க வேண்டும்.

வயர் இழுக்கும்போது மஞ்சள் உறை போட்ட வயர்கள் எதிர்ப்பட்டால் அவை ஏர்பேக்குக்கு உரியவை. தொடக் கூடாது, அவற்றோடு சேர்த்துக் கட்டவும் கூடாது. கதவோரத் தூண் பக்கம் கை வைக்கும் முன் பேட்டரி மைனஸைக் கழற்றிப் பத்து நிமிடம் விடுங்கள்.

இனி இடம். 12 இஞ்ச் ஊஃபருக்கு மூடிய பெட்டி என்றால் உள்ளளவு சுமார் 28 முதல் 35 லிட்டர், துளை வைத்த பெட்டி என்றால் 50 முதல் 64 லிட்டர். பலகைத் தடிமனும் சேர்த்தால் வெளியளவு இன்னும் கூடும். ஆல்டோ 800-இன் டிக்கி 177 லிட்டர், 2018-இல் வந்த ஸ்விஃப்ட்டில் 268, வேகன்-ஆரில் 341. தாராளம் என்று தோன்றும். ஆனால் இப்போது பலரும் எடுப்பது சிஎன்ஜி. வேகன்-ஆர் சிஎன்ஜியின் டிக்கியில் 60 லிட்டர் நீர்க் கொள்ளளவு சிலிண்டர் ஏற்கெனவே படுத்திருக்கிறது. அதன் மேல் பெட்டியைத் திணிப்பது, சிலிண்டர் தாங்கியிலேயே ஆம்பைத் திருகுவது இரண்டும் கூடாது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டரைக் கழற்றிச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும், வால்வுக்குக் கை போக இடம் வேண்டும். சிஎன்ஜி வண்டி எடுத்தவர்கள் பெரிய ஊஃபரை விற்றுவிட்டு, சீட்டுக்கு அடியில் போகும் ஆம்போடு சேர்ந்த 8 இஞ்ச் ஊஃபரை வாங்குவது நல்லது. அதன் பேஸ் வயிற்றில் அடிக்காது, ஆனால் வண்டிக்குள் போதும்.

பெட்டியைச் சும்மா வைத்துவிடாதீர்கள். ஊஃபரோடு சேர்ந்து பதினைந்து கிலோவைத் தாண்டும். தொப்பூர் கணவாயில் இறங்கும்போது ஒரு அவசர பிரேக் போட்டால் அது பின் சீட்டின் முதுகில் வந்து மோதும். தரையில் ஓட்டை போட்டுத் திருகவும் வேண்டாம், அடியில் பெட்ரோல் குழாயோ டேங்கோ இருக்கும். ஏற்கெனவே இருக்கும் போல்ட்டில் எல் ஆங்கிள் வைத்துப் பட்டை போட்டு இழுத்துக் கட்டுங்கள்.

மாட்டியதும் ஆம்பின் கெயினை (வரும் சிக்னலுக்கு ஏற்ப ஆம்பைச் சரிசெய்யும் திருகை) பழைய இடத்தில் விட்டுவிடாதீர்கள். அது பழைய ஸ்டீரியோவின் சிக்னலுக்கு வைத்தது. கெயினை முழுதும் குறைத்து, பேஸ் பூஸ்ட்டை பூஜ்ஜியத்தில் வைத்து, ஊஃபருக்குத் தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் வடிகட்டியை 80 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்து, ஸ்டீரியோ ஒலியை முக்கால் பங்கு ஏற்றி, பிறகு கெயினை மெல்லக் கூட்டுங்கள். சத்தம் கரகரக்கத் தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே நிறுத்துங்கள்.

ஒகேனக்கல் பார்க்கிங்கில் கதவுகளைத் திறந்துவைத்துப் பாட்டுப் போடுகிறவர்களுக்கு: சின்னப் பெட்ரோல் கார்களில் வருவது 35 ஆம்பியர் அவர் பேட்டரி. இன்ஜின் அணைத்த நிலையில் ஆம்போடு ஒரு மணி நேரம் சத்தமாகப் பாடவிட்டால், திரும்பி வர ஜம்ப் ஸ்டார்ட் தேட வேண்டிவரலாம்.

## விட்டுவிட்டுப் புதிதாக வாங்குவது

ஸ்பீக்கர் கோன் கிழிந்திருந்தாலோ, ஸ்டீரியோ திரை செத்திருந்தாலோ யோசிக்கவே வேண்டாம். கழற்றும் கூலியும் மாட்டும் கூலியும் சேர்ந்து புது ஸ்பீக்கர் ஜோடியின் விலையை நெருங்கும். பழைய காரில் கம்பெனி ஸ்டீரியோவைத் தூக்கிப் போட்டுவிட்டவர்களுக்கும் இதே நிலைதான். செட்டைக் கழற்றினால் டேஷ்போர்டில் வெறும் ஓட்டை நிற்கும். வாங்க வருபவர் அந்த ஓட்டையைக் காட்டியே, செட்டின் விலையைவிட அதிகமாக அடித்துப் பேசுவார்.

## லோடு வண்டிக்கு மாற்றுவது

பலருக்குத் தோன்றாத வழி இது. வீட்டில் குட்டி யானை இருந்தால், அது ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி ஏற்றிப் போகும் வண்டியாக இருந்தால், ஒற்றை டின் யூஎஸ்பி ஸ்டீரியோ அங்கே இன்னும் பல வருடம் உழைக்கும். குட்டி யானை, பிக்கப், டிராக்டர் எல்லாம் 12 வோல்ட்.

லாரி அப்படி இல்லை. பெரிய லாரிகள் இரண்டு பேட்டரி தொடராகச் சேர்ந்த 24 வோல்ட். நேரே கொடுத்தால் ஸ்டீரியோ அந்த நிமிடமே போய்விடும். ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் உருவுகிற பழக்கம் பட்டறைகளில் உண்டு. அதனால் அந்த ஒரு பேட்டரி எப்போதும் குறைவாகவே சார்ஜ் ஆகி, ஜோடியையே சீக்கிரம் கெடுத்துவிடும். 24-லிருந்து 12-க்கு இறக்கும் கன்வர்ட்டர், 10 முதல் 15 ஆம்பியர் தாங்குவதாக வாங்குங்கள். ஸ்டீரியோவுக்கும் நான்கு ஸ்பீக்கருக்கும் அது போதும், ஆம்புக்குப் போதாது. கிரானைட் குவாரி பக்கம் ஓடுகிற வண்டி என்றால் ஆம்பைக் கொடுக்கவே வேண்டாம், அதன் சிறகுகளில் தூசி அடைந்து சூட்டில் நின்றுவிடும்.

## கழற்றும் முன் அரை மணி நேரச் சோதனை

- ஸ்பீக்கரின் இரு முனையில் மல்டிமீட்டர் வையுங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 முதல் 3.8 வரை காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது.
- கோனை இரண்டு பக்கமும் சமமாக விரல் வைத்து மெல்ல அழுத்துங்கள். சொரசொரவென்று உரசினால் அதற்குக் கூலி கொடுக்காதீர்கள்.
- 1.5 வோல்ட் செல்லை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பிளஸ் பிளஸோடு சேர்ந்தால் கோன் வெளியே தள்ளும். புது வண்டியில் மாட்டியபின்னும் இதைச் செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் தலைகீழாக இருந்தால் பேஸ் காணாமல் போயிருக்கும்.
- ஆம்பை அரை மணி ஓடவிட்டுத் தொட்டுப் பாருங்கள். சூடு இருக்கலாம், கருகல் வாசனை இருக்கக் கூடாது.
- எஃப்எம் போடுங்கள். தருமபுரி வானொலி 102.5 தெளிவாக வர வேண்டும். புது வண்டியில் அதே இடத்தில் நின்று இரைச்சலாக வந்தால், நீல வயரிலிருந்து ஆன்டெனா பூஸ்டருக்கு 12 வோல்ட் போகவில்லை என்று அர்த்தம், அல்லது ஆன்டெனா பின் வேறு வகை, ஒரு அடாப்டர் வேண்டும்.

விற்பனைக்குப் படம் எடுப்பதற்கு முன்பே செட்டைக் கழற்றிவிடுங்கள். படத்தில் ஊஃபரைக் காட்டிவிட்டு, வண்டி கொடுக்கும் நாளில் அது இல்லையென்றால் பேச்சு முறியும். கழற்றிய வண்டியின் டிக்கியில் ஆம்பின் பவர் வயர் அப்படியே கிடந்தால், அதன் மறுமுனை இன்னும் பேட்டரியில்தான் இருக்கிறது. முனையில் டேப் சுற்றிக் கம்பளத்துக்கு அடியில் தள்ளிவிட்டால் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். முதலில் பேட்டரி பக்கம் கழற்றி, அந்த ஃபியூஸ் கூட்டையும் எடுத்துவிட்டே சாவியைக் கொடுங்கள்.